சுண்டுவிரல் பஞ்சு

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பதும், விரலில் குத்திச் சுகர் பார்ப்பதும் உமாராணியின் வேலை. அந்த மலைக்கு அவள் ஒருத்திதான். அன்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் முதல் வீட்டில் நுழைந்தபோது, கொழுந்து பறிக்கும் அன்னக்கிளி சுண்டுவிரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்பத்தான் அந்தப் புள்ள குத்திட்டுப் போகுது. நீ ஆள்காட்டி விரல்ல குத்துவ, மறுநாள் கொழுந்து கிள்ள ஏலாது. அது சுண்டுவிரல் ஓரத்துல குத்துது. நோகவே இல்ல."

"எந்தப் புள்ளக்கா?"

"கை என்னா பதம்!" என்று அன்னக்கிளி சிரித்தாள்.

உமாராணிக்கு வயிறெரிந்தது. அட்டைக்கடி பட்டு இத்தனை வருஷமாக மலையேறுகிறவள் இவள், பேர் எவளுக்கோ. லயத்துக்கு ஏறி இறங்க ஒரே தடம்தான். அதில் எதிரே யாரும் வரவில்லை. ஆனால் அடுத்தடுத்த வீடுகளிலும் சுண்டுவிரலில் பஞ்சு, முகத்தில் அதே சிரிப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கால்புண்ணோடு கிடக்கும் கணவன் விமலை உள்ளே விட்டு, கரடிக்குப் பயந்து அவளே பூட்டிவிட்டுப் போன வீடு. சாவி அவளிடம்தான் இருந்தது. சுகர் இருந்தும் அவன் இவளை ஒருநாளும் விரலில் குத்த விட்டதில்லை.

பூட்டைத் திறந்தாள். விமல் தன் சுண்டுவிரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத சிரிப்பு. அவளைக் கண்டதும் பஞ்சோடு கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான்.