மன்னிப்புக் கடிதத்தில் சில திருத்தங்கள்

“இந்த லெட்டரை நீங்க சரி பண்ணித் தரலன்னா, லஞ்சுக்குள்ள ஒரு பையன் டி.சி. வாங்கிட்டுப் போயிடுவான்,” என்றார் மெட்டில்டா மிஸ்.

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு நிமிர்ந்து உட்கார்ந்தது. அஸ்தினாபுரத்தில் இருந்த அந்தப் பள்ளியில், தப்புச் செய்தவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவது வழக்கம்தான். அதை ஒரு வகுப்பே உட்கார்ந்து திருத்துவது இதுதான் முதல் தடவை.

“யாரு மிஸ், ‘ஏ’ செக்‌ஷனா?” என்றான் அனிருத்.

“பேரைக் கேக்காத. பேரை எடுத்துட்டுதான் ஜெராக்ஸ் போட்டிருக்கேன். ஒற்றுப்பிழை, காற்புள்ளி எல்லாம் அப்புறம். இன்னைக்கு நாலே வார்த்தை.”

கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: சேர்த்தல், நீக்கல், மாற்றல், இடம் மாற்றல்.

“எதைச் செய்யச் சொன்னாலும் அதுக்குப் பேரு சொல்லணும், காரணமும் சொல்லணும்.”

அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதென்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

“‘அன்று எனக்குக் கடுமையான தலைவலி’ன்னு எழுதியிருக்கான் மிஸ். நீக்கல். தலைவலிக்கு மாத்திரை போடணும், லெட்டர் போடக் கூடாது,” என்றான் அனிருத்.

“மன்னிப்புங்கற வார்த்தையே கடைசி வரியிலதான் வருது. இடம் மாற்றல். முதல் வரிக்கு வரணும்,” என்றாள் ஸ்ம்ருதி.

விஷ்ணுப்ரியா எழுந்தாள். “‘என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்’னு ஒரு வரி. இது மன்னிப்பா, சவடாலா? நீக்கல். அப்புறம், ‘நடந்த சம்பவம்’னு பூசி மெழுகறான். என்ன பண்ணான்னு உடைச்சுச் சொல்லணும். மாற்றல்.”

மிஸ் ஒன்றுவிடாமல் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். கடைசி பெஞ்ச் ஹர்ஷா மட்டும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் பேசிய வேகத்தில் அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

“சேர்த்தல் ஒண்ணுமே இல்லையா?”

“இருக்கு மிஸ்,” என்றான் அனிருத். “தப்பை எங்க வெச்சுப் பண்ணானோ, அங்கயே, அதே ஆளுங்க முன்னாடி மன்னிப்புக் கேக்கணும். அதைச் சேர்த்தா பாஸ். இல்லன்னா ஃபெயில் மிஸ்.”

“ஆமா மிஸ்,” என்றது வகுப்பு.

மிஸ் உட்கார்ந்து, புதுத் தாளில் முழுக் கடிதத்தையும் திருத்தி எழுதினார். ஐந்து நிமிடம்தான் ஆனது. பிறகு நேராகக் கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய் நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

“ஹர்ஷா, என்னை மன்னித்துவிடு. நீயே எழுதிய கட்டுரையைக் காப்பி என்று சொல்லி, போன வாரம் இதே வகுப்பில், இவர்கள் எல்லார் முன்னாலும் உன்னை நிற்க வைத்தேன். உன் டி.சி. கேட்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவிடமும் இதைப் படித்துக் காட்டப் போகிறேன். இந்தப் பள்ளியை விட்டுப் போகாதே. இப்படிக்கு, மெட்டில்டா.”