கை கொடுத்தவர்

கடிகாரக் கடையில் விலை உயர்ந்த மூன்று கைக்கடிகாரங்கள் காணாமல் போயின. துப்பறியும் சிரமத்தை மேனேஜர் யாருக்கும் வைக்கவில்லை.

“இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? லாக்கர்ல ஒரு விரல் ரேகைகூட இல்ல. ரேகையே இல்லாத கை நம்ம கடையில ஒண்ணுதான் இருக்கு.”

எல்லோரும் மெக்கானிக்கின் வலது கையைப் பார்த்தார்கள். மெக்கானிக்கும் பார்த்தார்.

போன வருடம் ஒரு பைக் விபத்தில் அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. முதலாளியம்மா செயற்கைக் கை வாங்கிக் கொடுத்தார். சாதாரணக் கை இல்லை. விரல் நுனி தொட்டதை மேல்கைத் தோலில் அதிர்வாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டே மெக்கானிக் திருகாணியின் அளவைச் சொல்லிவிடுவார். பிறக்கும்போது வந்த கையில் இந்த வசதி கிடையாது.

கைக்கு அளவெடுத்த நாளில் அவருடைய இடது கையும் முறிந்து மாவுக்கட்டில் கிடந்தது. அதனால் மேனேஜர் தன் கையை நீட்டினார். அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும், “இவருக்குக் கை கொடுத்ததே நான்தான்” என்று சொல்லாமல் அனுப்புவதில்லை. கொடுத்தது அளவு மட்டும்தான். கேட்பவர்களுக்கு வெட்டியே கொடுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

“கை கொடுத்தேன். களவாடச் சொல்லியா கொடுத்தேன்?” என்றார் மேனேஜர்.

“சார், சத்தியமா நான் எடுக்கல. இந்தக் கையால ஒரு டம்ளரையே ஒழுங்கா எடுக்க முடியல. முதல்ல இடிச்சுத் தள்ளுது. எத்தனை தடவை உங்ககிட்ட சொல்லியிருக்கேன்?”

“டம்ளர்னா தள்ளும், கடிகாரம்னா அள்ளும். நல்ல கைதான்! போலீஸுக்குப் போன் போடட்டுமா மேடம்?”

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. “வேண்டாம் மேடம். திருடன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, ஒரு கையை வெச்சுக்கிட்டு நான் எந்தக் கடையில போய் வேலை கேட்பேன்?”

முதலாளியம்மா யோசித்தார். “அந்தக் கைக்குள்ள கம்ப்யூட்டர் இருக்காமே. தொட்டது எடுத்தது எல்லாம் அதுக்குள்ள இருக்கும்ல? செஞ்சவங்ககிட்ட காட்டிடுவோம். அப்புறம் போலீஸ்.”

“எதுக்கு மேடம் வீண் அலைச்சல்?”

“நீங்களும் வாங்க. கை கொடுத்தவர் இல்லியா?”

செயற்கைக் கை செய்யும் நிலையத்தில் இருந்த டெக்னீஷியன் பெண் பாதி பதிலைத் தரையைப் பார்த்தே சொல்கிறவள். மேஜையில் ஒரு டம்ளரை வைத்து, எடுக்கச் சொன்னாள். மெக்கானிக் இடித்துத் தள்ளினார். இடது கையையும் நீட்டச் சொல்லி அளந்து பார்த்தாள். பிறகு செயற்கைக் கையைக் கழற்றி, கேபிளைச் செருகி, கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். “ஏசி வேலை செய்யல போல.”

“இருபதுல வெச்சிருக்கேன் சார்.”

“என்னம்மா தெரியுது?” என்றார் முதலாளியம்மா.

பெண் கேபிளைக் கழற்றினாள். “தப்பு இவர் மேல இல்ல மேடம்.”

மெக்கானிக் மூச்சு விட்டார்.

“அப்ப யார் மேல?”

பெண் மேனேஜரைப் பார்த்தாள். உடனே தரையைப் பார்த்தாள். “சொன்னா சார் கோவிச்சுக்கக் கூடாது.”

“நீ சொல்லும்மா. நான் பார்த்துக்கறேன்.”

“மேனேஜர் சாருக்குக் கொஞ்சம் கை நீளம் மேடம். எனக்கு முதல் நாளே சந்தேகம்தான். நமக்கெதுக்கு வம்புன்னு எங்க ஆபீஸ்ல சொல்ல விடல.”

மேனேஜர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கை கொடுக்க அந்த அறையில் வேறு யாரும் முன்வரவில்லை.

“மன்னிச்சுடுங்க மேடம்” என்றார். “சாப்பாட்டு நேரத்துல இவர் கையைக் கழட்டி லாக்கர் பக்கத்துலதான் சார்ஜ் போடுவார். சார்ஜ்ல கிடக்கும்போது அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைச்சேன். மூணும் என் வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. கையுறை போட்டுத்தான் எடுத்தேன், ஒரு கீறல்கூட விழல.”

முதலாளியம்மா செல்போனை எடுத்தார். “போலீஸுக்குப் போன் போடணும்னு ரொம்ப ஆசைப்பட்டீங்களே.”

போலீஸ் வந்து மேனேஜரை அழைத்துப் போனது. முதலாளியம்மா மேஜை மேலிருந்த செயற்கைக் கையை மரியாதையோடு பார்த்தார்.

“விஞ்ஞானம் எங்கேயோ போயிடுச்சும்மா! கழட்டி வெச்ச கைகூடத் திருடனைப் பார்த்து வெச்சிருக்கே.”

பெண் விழித்தாள். “இந்த மாடல்ல எதுவுமே பதிவாகாது மேடம். கேபிளை மாட்டினா பேட்டரி எவ்வளவு இருக்குன்னு காட்டும், அவ்வளவுதான்.”

“பின்னே, அவருக்குக் கை நீளம்னு எப்படிக் கண்டுபிடிச்சே?”

பெண் இழுப்பறையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தாள்.

“அளந்துதான் மேடம். இவர் கையைவிட முக்கால் அங்குலம்.”