குதிரை லாய வாசம்

“என் பீரில் குதிரை லாயத்தின் வாசம் வீசுகிறது என்று தம்பி சொல்கிறான்” என்றார் பங்குக் குருவான பெல்ஜியம் சாமி.

கதவோரம் தட்டோடு நின்ற சமையற்காரி பிலோமி ஓரடி முன்னால் வந்தாள். “ஐயையோ! கெட்டுப்போச்சா சாமி?”

“கெடவில்லை, பெண்ணே. அது பாராட்டு!” சாமி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

வெள்ளைக்காரர்கள் பாராட்டே இப்படி என்றால், வைவது எப்படி இருக்குமோ என்று பிலோமி நினைத்துக்கொண்டாள்.

சாமியின் தம்பி கப்பலேறி வந்து, நேற்றுத்தான் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். சொந்த ஊரில் பீர் காய்ச்சுவதுதான் அவருக்குத் தொழில். சாமிக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. பார்லியை முளைகட்டிக் காய்ச்சி, பூசைத் திராட்சரசம் வந்த பழைய மரப்பீப்பாயில் ஊற்றி, பங்களாவின் பின்னறையில் போட்டு வைப்பார். இதுவரை காய்ச்சியதெல்லாம் சப்பென்று போய், மாட்டுத் தொட்டியில்தான் முடிந்தது. இப்போது திறந்திருக்கும் இந்தப் பீப்பாய் ஒரு வருஷமாக ஊறியது.

இன்று ருசி சரியாக இருந்தால் சாமியின் மனம் இளகும். இளகினால் காரியத்தைக் கேட்டுவிடலாம். பிலோமி காலையிலிருந்து ஜெபமாலையும் கையுமாகத் திரிந்தது அதற்காகத்தான்.

காரியம், மகள் ராஜாத்தியின் கல்யாணம். கோயிலில் சாமி கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தால்தான் கழுத்தில் தாலி ஏறும். சாமி வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். பரளச்சி மாப்பிள்ளை வீட்டாரோ, இந்த ஞாயிறு வாசிக்காவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

எல்லாம் அவள் புருஷன் அமிர்தராஜால் வந்தது. அவன் பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். போன சித்திரையில் அவனுக்குச் சுண்ணாம்பு மறந்துபோயிற்று. எப்படியோ மோப்பம் பிடித்து மதுவிலக்குப் போலீஸ் வேன் வந்தது. வீடு, கிணறு, சோளத்தட்டைப் படப்பு என்று எல்லாவற்றையும் துழாவியும் ஒரு சொட்டு சிக்கவில்லை. போலீஸ் விட்டுவிட்டது. சாமி விடவில்லை.

“அவன் கள் இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன். அது எங்கே போயிற்று? உண்மையைச் சொல்லும் வரை உங்கள் வீட்டுக்கு ஓலை கிடையாது” என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்.

காலித் தட்டோடு பிலோமி அடுப்படிக்குப் போனாள். பின்வாசலில் அமிர்தராஜ் எட்டிப் பார்த்தான்.

“என்னளா சொல்றாக?”

“குதிரை லாயம் மாதிரி இருக்காம். சந்தோசமாத்தேன் இருக்காக.”

“நாங் குடிச்சா லாக்கப்பு, அவுக குடிச்சா சந்தோசமா?”

“மெதுவாப் பேசுங்க. அவுகளுக்குப் பெர்மிட்டு இருக்கு.”

“சரி சரி, சூட்டோட சூடாப் போய்க் கேளு.”

“நீங்க வந்து கேக்குறது!”

“நமக்குப் பனை ஏறத்தேன் வரும். பங்களாப் படியெல்லாம் ஏற வராது.”

பிலோமி வறுத்த கடலையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். தம்பி இரண்டாவது குவளையை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, பூசை மந்திரம்போல ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாமியின் கண் கலங்கியிருந்தது.

“பழைய தோல், புளித்த இலந்தைப்பழம், மழை விழுந்த புழுதி… எல்லாம் இதில் இருக்கிறதாம். எங்கள் ஊர் மடத்துத் துறவிகளுக்கும் கைவராத ருசி என்கிறான், பிலோமி! சின்ன வயதில் என்னைக் கேலி செய்தவன் இவன்!”

“எப்படி சாமி இந்தத் தடவ மட்டும் நல்லா வந்துச்சாம்?” பிலோமி கடலையைக் கீழே வைத்தாள்.

“பாலுக்கு உறை ஊற்றுகிறாய் அல்லவா? இதற்கும் ஓர் உறை உண்டு. எங்கள் நாட்டில் அது காற்றிலேயே மிதந்து வந்து பீப்பாயில் விழும். இத்தனை வருஷம் இங்கே விழவில்லை. இப்போது இந்தக் கரிசல் காற்றில் ஆண்டவரே அனுப்பியிருக்கிறார்!”

“கள்ளு மாதிரியா சாமி?”

“சீச்சீ! எதை எதோடு ஒப்பிடுகிறாய்? அது பாவம். இது கலை.”

பிலோமி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்ல, “சாமி… ராஜாத்தி ஓலை…” என்றாள்.

சாமியின் முகம் இறுகியது. குவளையில் ஒரு வாய் குடித்ததும் இளகியது.

“இன்று நான் யாரையும் தண்டிப்பதாக இல்லை. அந்தக் கள்ளை எங்கே ஒளித்தீர்கள், அதை மட்டும் சொல். ஞாயிறன்றே வாசிக்கிறேன்.”

“சத்தியமாவா சாமி?”

சாமி கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் காட்டினார்.

பிலோமி பின்வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அமிர்தராஜைக் காணவில்லை.

“போலீசு ஒங்க பங்களாவுக்குள்ள மட்டும் காலு வைக்க மாட்டாகன்னு, நாந்தேன் சாமி கலயத்தோட இங்க தூக்கியாந்தேன். அவசரத்துல வேற எடம் அம்புடல…” அவள் பார்வை சாமியின் விரல்களுக்கு நடுவே நுரைத்துக்கொண்டிருந்த குவளைக்குப் போயிற்று. “இப்ப அது ஒங்க கையிலதேன் இருக்கு சாமி.”

தமிழ் தெரியாத தம்பி, காலிக் குவளையை மறுபடி நீட்டினார்.