கூடுதல் கூலி

"ஒன்பதாயிரம் தினார்தானா? ரொம்பக் கம்மியா இருக்கேம்மா!"

ஒலிவேராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீஷ் நகரில் பழுதுபார்க்கும் கடை போட்ட நாளிலிருந்து, கூலி ஜாஸ்தி என்று சண்டை போடாத ஆளை அவள் பார்த்ததே இல்லை.

"கம்மியெல்லாம் இல்லை பெரியவரே. உங்க பழைய வீடியோ கேம் பெட்டி புது டிவியில தெரியணும்னா உள்ள ஒரு போர்டு வைக்கணும். அது அஞ்சாயிரம். என் கைக்கூலி நாலாயிரம். சுவத்துல ஒட்டியிருக்கேன் பாருங்க. யார் வந்தாலும் இதான் விலை."

"இருபதாயிரமா வச்சுக்க. ரசீதெல்லாம் வேண்டாம்."

திஹோமிர் என்று பெயர் சொன்ன அந்தப் பெரியவர், நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தே விட்டார்.

ரசீது வேண்டாமாம்! ஒலிவேராவுக்குச் சுருக்கென்றது. பக்கத்து முடிதிருத்தும் கடை மிலுட்டின் போன மாதம் இப்படித்தான் ஏமாந்தார். ஒருவன் வந்தான், சவரம் செய்துகொண்டான், ரசீது கேட்காமல் பணத்தை நீட்டினான். மிலுட்டின் ரசீது போடாமல் வாங்கிப் பையில் போட்டதும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். வரி இன்ஸ்பெக்டர்! அன்றைக்கே கடைக்குச் சீல். ஒலிவேராவுக்கும் அப்படி நேர்ந்தால் வங்கித் தவணை நிற்கும், கடையே கைவிட்டுப் போகும்.

இவரும் அந்த ரகமாகத்தான் தெரிந்தார். பளபளக்கும் ஷூ, விறைத்த முதுகு, வந்ததுமே கடையை ஒரு சுற்று அளந்த பார்வை.

"ஒன்பதாயிரம். ரசீதோட. சம்மதம்னா பெட்டியை வைங்க, இல்லேன்னா ஆளை விடுங்க."

"பதினஞ்சாவது வாங்கிக்கயேன். என் மனசு கேக்கலைம்மா."

"உங்க மனசு கேக்கறபடியெல்லாம் நான் விலை போட முடியுமா? நல்ல பேரம் போங்க! தலைகீழா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என் பையன் விளையாடினது. இப்போ பேரன் கேக்கறான்" என்றார் தாழ்ந்த குரலில்.

பேரன் என்றதும் ஒலிவேரா கொஞ்சம் இளகினாள். திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு பழைய சிப். அதிலிருந்து ஓடிய மெல்லிய கம்பிகளை ஒட்டிப் பிடித்திருந்தது சிவப்பு நகப்பூச்சு.

"ஐயையோ! இது என் கைவேலை பெரியவரே!" கத்தியே விட்டாள். "நகப்பூச்சு வச்சு ஒட்டற கிறுக்கு இந்த ஊர்லயே நான் ஒருத்திதான். பசை வாங்கக் காசு ஏது? எங்கம்மாவோட புட்டியைத் திருடிக்கிட்டு வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை விசேஷத்துக்குக் கிளம்பறப்போ அம்மா தேடுவா பாருங்க, வீடே ரெண்டுபடும்!"

அப்போது அவளுக்கு இருபது வயது. சந்தையில் ஒரு மடக்கு மேசை, அதுதான் கடை. திருட்டு சிடி ஓட வேண்டுமென்றால் பெட்டியில் சிப் வைத்தாக வேண்டும் என்று பையன்கள் சுற்றி நின்று மொய்ப்பார்கள். பனியில் விரல் விறைத்துப்போகும். சுடச்சுட பூரெக் ரொட்டி வாங்கி, முதலில் அதில் கையைச் சூடேற்றிக்கொண்டு, பிறகுதான் தின்பாள். என்ன குளிர், என்ன கூத்து! மின்சாரம் இருக்காது, சம்பளம் இருக்காது, ஆனால் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நினைக்க நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது.

"அப்போ தினாருக்கு மதிப்பு ஏது? கூலி முப்பது ஜெர்மன் மார்க் கேப்பேன். 'பகல் கொள்ளைக்காரி'ன்னு திட்டுவாங்க. பணம் இல்லாதவங்க மிளகாய்த் தொக்கு கொண்டாருவாங்க. ஒருத்தர் ஒரு புட்டி பிளம் சாராயம் குடுத்தார், எங்கப்பா ஒரு வாரத்துக்கு என்னை மகராசின்னார்! அதெல்லாம் ஒரு காலம் பெரியவரே. இப்போ விலைப்பட்டியல் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல்லயே சொல்லக் கூடாதா? பழைய வாடிக்கைக்காரர்கிட்ட நான் கூலி வாங்குவேனா? போர்டு காசு அஞ்சாயிரம் மட்டும் குடுங்க. உக்காருங்க, காபி போடறேன்."

"வேண்டாம்மா. குறைக்காதே. உன் கால்ல வேணா விழறேன், இந்த இருபதாயிரத்தை எடுத்துக்க."

"இதென்ன அழிச்சாட்டியம்! ஆமா, அப்போ உங்ககிட்ட நான் எவ்வளவு வாங்கினேன்? மார்க்கா, மிளகாய்த் தொக்கா?"

"நீ ஒண்ணும் வாங்கலைம்மா."

"சும்மாவா செஞ்சேன்? எங்க சித்தப்பாவுக்கே நான் சும்மா செஞ்சதில்லையே!"

காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தபடி ஒலிவேரா வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷம் தன் வேலையைப் பத்திரமாக வைத்திருந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"என்னை மன்னிச்சுடுங்க பெரியவரே. இவ்வளவு நேரமா உங்களை ஒரு இன்ஸ்பெக்டர்னு நினைச்சு பயந்துக்கிட்டிருந்தேன்."

"சரியாத்தாம்மா நினைச்சிருக்கே" என்றார் திஹோமிர். "அன்னிக்கு சந்தையில உன் மேசையைக் கவுத்து எல்லாத்தையும் பறிமுதல் பண்ணி, இந்த ஒரு பெட்டியை மட்டும் கணக்குல காட்டாம என் பையனுக்குப் பொறந்தநாள் பரிசா எடுத்துக்கிட்டுப் போனவன் நான்தான்."