ஹீட்டர் திருடன்

ஹீட்டரைக் காணோம்.

போஸ்ட்மாஸ்டர் காருக்குள் பாதி உடம்பை நுழைத்தபடி அப்படியே உறைந்துபோனார். நேற்று மத்தியானம் தன் கையால் பொருத்திவிட்டுப் போன இடம் பொக்கை வாயாகத் திறந்து கிடந்தது. ஒயர் நுனிகளில் பஞ்சு சுற்றி, அழகாக டேப் வேறு ஒட்டியிருந்தது. திருடனுக்கு எவ்வளவு நிதானம் பாருங்கள்.

போன வாரம் பின் சீட் பெல்ட். அதற்கு முந்தின வாரம் கண்ணாடி இறக்கும் கைப்பிடிகள். ஷெட்டின் பூட்டு மட்டும் போட்டது போட்டபடியே இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் இந்தப் பனிக்காலம் முழுவதையும் இந்தப் பழைய காருக்கே எழுதி வைத்திருந்தார். மகள் பள்ளிக்கூடம் போன கார். இன்னும் பத்து நாளில் அவள் கைக்குழந்தையோடு ரயிலில் வந்து இறங்குகிறாள். பேத்தியை இந்தக் காரில்தான் அழைத்து வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஹீட்டர், புது பெல்ட் எல்லாம் அதற்காகத்தான்.

விறுவிறுவென்று பக்கத்து ஷெட்டுக்குப் போனார். வெல்டர் வாசலில் இரவெல்லாம் கொட்டிக் குவிந்திருந்த பனியை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தான்.

"என் ஹீட்டரைப் பாத்தியா?"

"உங்க ஹீட்டரை நான் ஏன் சார் பாக்கறேன்?"

"ரெண்டு ஷெட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான் இருக்கு. அதான் கேட்டேன்."

"சுவரைத் துளைச்சு வந்து உங்க கைப்பிடியைத் திருடி, அதை நான் என்ன சார் பண்றது? வறுத்துத் திங்கவா?"

திரும்பி வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. மாட்டினீங்களா, இல்ல மாட்டினதா நினைச்சுக்கிட்டீங்களா?" என்றாள் அவள். "போன மாசம் மூக்குக்கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடினவரு நீங்க."

"ஹீட்டரை நெத்தியில வச்சுக்க முடியாதுடி."

"பேசாம டாக்ஸி சொல்லிடுங்க. குழந்தைக்கு எந்த வண்டின்னு தெரியவா போகுது?"

போனை வைத்துவிட்டார்.

ஷெட் சம்பந்தியுடையது. மாப்பிள்ளையின் அப்பா, பல் டாக்டர், தங்கமான மனிதர். இரண்டு சாவியில் ஒன்றைக் கொடுத்தபோதே, "உள்ள என் வண்டியும் நிக்குது, உங்க மாடல்தான். வேண்டியதைக் கழட்டிக்கோங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் வேலை பாதிகூட நகர்ந்திருக்காது. கிளினிக்கை விட்டு நகர நேரமில்லாத அவரிடம் போய், உங்கள் ஷெட்டில் திருட்டுப் போகிறது என்று எப்படிச் சொல்வது? சம்பந்தியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

ஆத்திரத்தை வேலையில் காட்டினார். ரேடியேட்டர் ஃபேன் தேவைப்பட்டது. சம்பந்தி வண்டியின் தார்ப்பாயை முன்பக்கம் மட்டும் தூக்கி, கழற்றிக்கொண்டார். துடைத்து எண்ணெய் போட்டது போலப் பளபளவென்று இருந்தது. கேட்பாரற்று நிற்கிற வண்டிக்கு இந்தப் பளபளப்பு கொஞ்சம் அதிகம்தான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஷெட்டுக்கு வந்து, உள்ளிருந்து கதவைப் பூட்டிவிட்டு, தன் காரின் பின் சீட்டில் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். காருக்குள் திருட இனி மிச்சமிருந்தது முன் சீட் பெல்ட் ஒன்றுதான். அதற்கு எப்படியும் வருவான்.

அரை மணி நேரத்தில் கால் இரண்டும் மரத்துப்போயின. தும்மல் வேறு மூக்கின் நுனிவரை வந்து வந்து போனது. அப்போது பூட்டில் சாவி திரும்பியது.

முன் கதவு திறந்தது. ஓர் உருவம் குனிந்து பெல்ட்டின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தது. போஸ்ட்மாஸ்டர் கம்பளியோடு எழுந்து அதன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"மாட்டினியா?"

உருவம் திரும்பியது. பிடித்த பிடி தானாக விட்டுப்போயிற்று.

"நீங்களா சம்பந்தி?"

"அட, இங்கயா படுத்திருக்கீங்க? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார் பல் டாக்டர், காலரைச் சரிசெய்துகொண்டே. முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. "வந்தது வந்தீங்க, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க."

போஸ்ட்மாஸ்டர் டார்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டார். "என் ஹீட்டரை..."

"என் வண்டிலதான் மாட்டியிருக்கேன். அருமையான ஹீட்டர்."

"பெல்ட்டு?"

"அதுவும் அங்கதான். பேத்தியை ஸ்டேஷன்லேருந்து என் வண்டில கூட்டிட்டு வரேன்னு மருமககிட்ட சொல்லியிருக்கேன். கிளினிக் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கிடைக்குது, அதுல கொஞ்சம் கொஞ்சமாப் பாக்கறேன்."

"அதுக்கு? ஒரு வார்த்தை கேக்காம..."

"கேக்கணுமா? நீங்கதானே சொன்னீங்க. சாவி வாங்கின அன்னிக்கு, 'என் வண்டிலேருந்தும் என்ன வேணுமோ எடுத்துக்கோங்க, நமக்குள்ள என்ன சம்பந்தி'ன்னு."

போஸ்ட்மாஸ்டருக்கு லேசாக நினைவு வந்தது. சொல்லித்தான் இருந்தார். ஆனால் மரியாதை தெரிந்த மனிதன் அதை நிஜமென்று எடுத்துக்கொள்வானா?

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது, சம்பந்தி."

பல் டாக்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஓரத்தில் நின்ற தன் வண்டியின் தார்ப்பாயைப் பார்த்தார். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது குரலில் வந்தது.

"நானும் பேச்சுக்குத்தான் சொன்னேன்."