மேடைக்குப் பக்கத்துப் பங்கர்

முன்வரிசை கிடைத்துவிட்டது.

அவளுக்கே நம்பமுடியவில்லை. காலையிலிருந்து முண்டியடித்தது இந்தக் கொஞ்ச இடத்துக்காகத்தான். மடியில் மகள் வேணுஜா. ஏழு வயது. பிள்ளையின் நெஞ்சுக்குள், வெடித்த குண்டின் ஒரு செல்துண்டு. பிள்ளை மூச்சு விடும்போதெல்லாம் அதுவும் தன் பங்குக்கு விசிலடித்தது.

முகாம் டொக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"வெள்ளைக்கார ஐயா திரும்பிப் போகேக்க ஹெலிகொப்டரில ஒரு பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தலாம். ஆனா அவர் தன்ர கண்ணால பாத்துத் தலையாட்டவேணும். கொஞ்ச நேரந்தான் நிப்பார். முன்னுக்கு நில்லுங்கோ அக்கா. விட்டிடாதேங்கோ."

விடுவாளா?

மைதானம் திருவிழாக்கோலம். சும்மாவா? வருகிறவர் பெரிய நாட்டின் பெரிய மனிதர். இவர்களுடைய சண்டையைப் பற்றி இவர்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிற நாடு. இந்தக் கூடாரமெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

"கூடாரத்தைக் கிழிச்ச பிளேனும் அங்க செய்ததாம்," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"ரெண்டும் நல்ல சாமான்தானே அண்ணை. குறை சொல்லாதேங்கோ."

சிரிப்பு. இன்றைக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது.

மேடையில் வரவேற்புக் குழுத் தலைவர் சிவபாதசுந்தரத்தார். பட்டு வேட்டி. கையில் மைக். சட்டைப்பையில் ஆறு பக்க வரவேற்புரை. நாள்கணக்காக ஒத்திகை நடத்தியிருந்தார். பெரியவர்கள் எப்போது கைதட்டுவது, பிள்ளைகள் எப்போது கையாட்டுவது, எந்த வரிக்குக் கண்ணைத் துடைப்பது, எல்லாம்.

சத்தத்துக்கு மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை.

பனைகளுக்கு அப்பால் ஹெலியின் விசிறிச் சத்தம்.

"வருகினம்," என்று தலைவர் கையை உயர்த்தினார்.

அவ்வளவுதான்.

யார் முதலில் எழுந்து ஓடியது என்று பிறகு யாராலும் சொல்லமுடியவில்லை. இந்தப் பக்கத்தில் எதைக் கட்டினாலும் முதலில் பங்கர், குண்டுக்கு ஒளிகிற குழி. பள்ளிக்கூடமோ கல்யாணப் பந்தலோ, குழி வெட்டி முடித்த பிறகுதான் கம்பு நடுவார்கள். மேடைக்கும் அப்படியே. பக்கத்திலேயே குழி. மேலே பனங்குற்றி. சுற்றிவர, யாரோ ஒருத்தியின் கூறைச்சேலையில் தைத்த மண்மூட்டைகள்.

மைதானத்தின் குழிகளெல்லாம் நிரம்பின.

இது நல்ல ஹெலி, இது நல்ல ஹெலி என்று அவளுடைய புத்தி சொல்லிக்கொண்டேயிருந்தது. கால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தபடி அவளும் உள்ளே கிடந்தாள்.

முன்வரிசை போயிற்று.

ஹெலி இறங்கியது. புழுதி அடங்க, பங்கர் வாசலால் எட்டிப் பார்த்தாள். விருந்தினர் உட்கார வெள்ளைத்துணி விரித்த கதிரை. நிறைகுடம். மாலையைத் தின்றுகொண்டிருந்த ஓர் ஆடு.

பிறகு, இறங்கி வந்த கால்களில் பளபளக்கும் ஒரு சோடிச் சப்பாத்து.

அது நின்றது. யாரையோ தேடியது.

"ஆர் என்ர காலில நிக்கிறது?"

கேள்வி பங்கருக்குள் கேட்டது. வெளியே ஆகாயத்திலிருந்தும் கேட்டது.

"உஸ். மெல்லக் கதையுங்கோ. மேல கேக்கும்."

அதுவும் கேட்டது. பனையில் கட்டிய ஒலிபெருக்கியில், மிகத் தெளிவாக.

எல்லாரும் சிவபாதசுந்தரத்தாரைப் பார்த்தார்கள். அவர் தன்னைத்தானே குனிந்து பார்த்தார். வேட்டி எங்கேயோ போயிருந்தது. மைக் கையோடு வந்திருந்தது. வயரும் அறுபடாமல் கூடவே வந்திருந்தது.

மக்களின் குரலை நேரில் கேட்க வந்தவர் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இருமல், முனகல், முருகா, காலை எடடா.

வேறொருவர் என்றால் மைக்கை நிறுத்தியிருப்பார். தலைவர் என்றால் தலைவர். தொண்டையைச் செருமினார். சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"மாண்புமிகு விருந்தினர் அவர்களே," என்று குழிக்குள் குந்தியிருந்தபடி தொடங்கினார். "இந்த உயர்ந்த மேடையிலே நின்றுகொண்டு..."

சப்பாத்து மெல்லத் திரும்பியது. ஹெலியின் பக்கம்.

ஆறு பக்கம் முடிவதற்குள் அது கடல் தாண்டிவிடும்.

அவள் எட்டி மைக்கைப் பறித்தாள். தலைவரிடமிருந்து மைக்கைப் பறித்தவர் அந்த முகாமில் அதுவரை இல்லை.

"ஐயா, போயிடாதேங்கோ. பிள்ளையோட ஏறி வாறன்."

குரல் பனைகளில் மோதித் திரும்பி அவளிடமே வந்தது. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவுக்கு வந்தபோது, பாதிப் படி ஏறியிருந்தாள். பின்னாலிருந்து யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள்.

"விசரே உனக்கு? படு."

உதறினாள்.

மறுபடி புழுதி. வாசல் மறைந்தது. சப்பாத்தைக் காணவில்லை. விசிறியின் சத்தம் மாறியது.

வருகிற சத்தம் அவளுக்கு அத்துப்படி. போகிற சத்தமும் அப்படியே. குண்டு போட்டுவிட்டுப் போகிறதா, போடாமல் போகிறதா என்பதை வேணுஜாவே தூக்கத்தில் சொல்லிவிடுவாள்.

யாருக்காவது காத்து நிற்கிற சத்தம் எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

அடுத்த படியில் கால் வைத்தாள். அதற்கடுத்ததிலும்.

"அம்மா, இப்ப கையாட்டவோ?"

பிள்ளை ஒத்திகையை மறக்கவில்லை.

"ஆட்டு," என்றாள், கண்ணை மூடிக்கொண்டு புழுதிக்குள் ஏறியபடி. "நல்லா ஆட்டு."