யாருக்குச் சமைத்தது

வாசற்படியில் மதிய வெயில் கிடக்கிறது. மூத்த துறவிக்குப் பின்னால் மகள் நிற்கிறாள். மழித்த தலை, வாயை மறைத்த வெள்ளைத் துணி, எறும்பு நசுங்காமல் தரையை ஒதுக்கக் கையிடுக்கில் ஒரு கம்பளிநூல் துடைப்பம். சமணத் துறவியாகி வீட்டை விட்டுப் போனவள், இன்று இந்தத் தெருவுக்கே பிச்சைக்கு வந்திருக்கிறாள். அம்மா பருப்பை அள்ளி நீட்டுகிறாள். கரண்டி விளிம்பில் ஒரு சொட்டு தொங்குகிறது. மகளின் மரப்பாத்திரம் திறக்கவில்லை. துறவிக்கென்று சமைத்ததைத் துறவி வாங்கக் கூடாது.

“எங்களுக்குன்னு செஞ்சதா?” எந்த வீட்டிலும் கேட்கிற குரலில்தான் மகள் கேட்கிறாள்.

“இல்ல, வீட்டுக்குச் செஞ்சதுதான்.”

“வீட்டுல எத்தனை பேரு?”

அம்மாவுக்கு இன்னொரு பொய் வாயில் வரமாட்டேன் என்கிறது. “நான் ஒருத்திதான்.”

அம்மாவின் பாத்திரம் நிறைய ஆவி பறக்கும் பருப்பின் மேல் மகளின் கண்கள் ஒரு கணம் தங்குகின்றன. மரப்பாத்திரத்தைத் துணிக்குள் மறைத்துக்கொள்கிறாள். “வர்றோம்மா.”

எத்தனை காலம் கழித்து அந்த ‘ம்மா’! கரண்டியை இறக்கவும் தோன்றாமல் அம்மா அதையே கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுக் கதவு திறக்கிறது. அதே குரல், அதே இதம்.

“எங்களுக்குன்னு செஞ்சதாம்மா?”